விவிலியத்திற்கு உரை காணும் நெறி

சித்திரைப் பரணி சிறுத்தொண்ட நாயனார் குருபூசைத் திருநாள். சென்ற ஆண்டு அந்நாளிற் பூவிருந்தவல்லியில் அன்பர் சிலர் கேட்க அப்புராணத்தை விரித்துரைத்தேம். கேட்டோருள் எம் தெருவினராகிய கிறிஸ்தவ அன்பர் ஒருவரும் இருந்தனர். ஆசிரியத் தொழிலில் ஓய்வு பெற்றவர், தமிழ்ப்பற்று மிக்கவர். மீண்டு வருங்கால், "ஐயா, பெற்ற மகனை அரிந்து கறி சமைக்கக் கேட்டவரைக் கடவுளென்று எங்ஙனம் கும்பிடுகின்றீர்கள்?" என்றனர். அவர் வினாவில் இகழ்ச்சி இல்லை. யாமோ சற்றும் தாழாது, "உங்கள் ஆதியாகமத்து 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமிடம் ஈசாக்கைக் கேட்டவர் யார்?" என்றேம். அவர் வாய் வாளாதிருந்தனர். உடன்வந்தோர் நகைத்தனர். யாமும் மகிழ்ந்தேம்; அம்மகிழ்ச்சி வீடு சேரும் வரையும் நிற்கவில்லை. வினாவை வினாவால் மறித்தேமேயன்றி விடை கூறினேமல்லேம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருடனிருந்து விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்க உதவியவர். அப்பயிற்சியே 1854-இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திற்குப் படைக்கலமாயிற்று. ஆலயக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமார்க்கு, அவற்றை யொத்தன அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளமையை எடுத்துக் காட்டினர். அக்காலத்துக்கு அது வேண்டியதே. ஆயினும் பிறர் வாயை அடைத்தற்குப் படிப்பது வேறு. ஒரு நூலை அந்நூலின் பொருட்டே படிப்பது வேறு. நாவலர் பெயரைச் சொல்லி வாதம் புரியும் நம்மவர் பலர் அவர் கற்ற நூலைத் திறந்தும் பாரார்.

பின்னர் அவ்வதிகாரத்தைப் பலகாற் படித்தேம். மடத்திற் பாடங்கேட்ட நாளில், ஒரு பகுதியின் தாற்பரியம் துணிதற்கு உபக்கிரம உபசங்காரங்களை, அஃதாவது தொடக்கமும் முடிபும் தம்முள் இயைந்து நிற்குமாற்றை, முதற்கண் நோக்குக என்று கற்பித்தனர். கத்தோலிக்கரது இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல், நூல்வகை நோக்கியும் முழுநூலின் ஒருமை நோக்கியும் வேதப்பொருள் துணிக என்று விதித்துள்ளது. அவ்வழியே நோக்குவார்க்கு, கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்பது தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளமை புலனாம். படிப்போர் அறிவர், ஆபிரகாம் அறியார். முடிவிற் கை தடுக்கப்படுகின்றது. புதரிற் சிக்கிய ஆட்டுக்கடா பலியாகின்றது. எனவே மகன் உயிரைக் கொள்வது அக்கட்டளையின் தாற்பரியம் அன்று. சேக்கிழாரும் அங்ஙனமே, இறைவன் தொண்டரது மெய்யன்பை நுகரவே எழுந்தருளினன் என்பதை நமக்கு முன்னரே உணர்த்திவிட்டனர், தொண்டர் அறியார். (அருகிலுள்ள திருவேற்காட்டிற் பிறந்த மூர்க்க நாயனார் சூதாடினர் என்று கேட்டு மருளும் நம் பிள்ளைகட்கும் இவ்விதியே மருந்து.)

கிறிஸ்தவருள் வழங்கும் உரைகள் பல. பழைய திருச்சபைத் தந்தையர், விறகு சுமந்த ஈசாக்கைச் சிலுவை சுமந்த கிறிஸ்துவுக்கு முன்னிழலாகக் கொண்டனர். அழகிய உரையே, ஆயின் தந்தையின் நெஞ்சைக் கைவிடுகின்றது. மூன்றாம் நாள் அம்மலையைக் காணும் வரை அவர் நடந்த நடையும், பலிக்குரிய ஆடு எங்கே என்று மகன் வினாவிய வினாவும் அந்நிழலுள் மறைந்து போகின்றன. இக்காலத்தார் சிலர், நரபலியை ஒழித்தற்கு எழுந்த கதை இஃது என்பர். எரேமியா தீர்க்கதரிசி பிள்ளைப்பலியைக் கடிந்தமை உண்மையே. எனினும், இவ்வதிகாரம் ஆபிரகாமைப் புகழ்வது மகனைத் தர மறாமை பற்றியே யாகலின், அவ்வுரை இடர்ப்பட்ட இடத்தைத் தாண்டி ஓடுவதாகும்.

லூத்தர் வழியினர் வேதத்துக்கு வேதமே உரை என்பர். அம்முறையில் எபிரெயர் நிருபத்து 11-ஆம் அதிகாரத்து உரையே எமக்குச் சிறந்ததாகப் பட்டது. இறந்தோரையும் எழுப்ப வல்லர் கடவுள் என்று ஆபிரகாம் துணிந்தனர் என்பது அது. அற்றேல், அத்துணிவு ஆதியாகமத்தில் இல்லையே எனின், குறிப்பான் உண்டு. வேலைக்காரரை நிறுத்தி, யானும் பிள்ளையும் சென்று தொழுது மீள்வோம் என்னும் கருத்துப்பட அவர் கூறுகின்றார். எபிரெய மூலத்தில் மீளுதலைக் குறிக்கும் வினையும் பன்மையே. தனித்து மீளக் கருதினவர் பன்மை கூறுவரோ? பொய் கூறினார் என்னலாம், நம்பினார் என்னலாம். நிருபமெழுதினார் பின்னதையே கொண்டனர் போலும். ஒரு வினைவிகுதியைப் பற்றிக்கொண்டு ஏறும் இத்தகைய உரை எம்மனைய இலக்கணப் பித்தர்க்குக் கற்கண்டு.

ஆயினும் 19-ஆம் வசனத்தில் ஆபிரகாம் மீண்டமை கூறப்பட்டதேயன்றி ஈசாக்கின் பெயர் இல்லை. தாய் சாராளோ அவ்வதிகாரத்தில் எங்குமே இல்லை. அடுத்த அதிகாரத்தில் அவ்வம்மையார் இறந்த செய்தி வருகின்றது. இவ்விரண்டையும் இயைத்து, மகனுக்கு நேர்ந்தது கேட்டே உயிர் நீத்தனர் என்று கூறும் யூத உரைகாரரும் உளர். திருவெண்காட்டு நங்கையாரோ மைந்தன் கால்களைத் தாமே பற்றியிருந்தவர். சேக்கிழார் தாயை மறைத்திலர்.

இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஆவணியில் ஒரு மாலை அவ்வன்பர் இல்லஞ் சென்று, அன்று கூறிய சொற்குப் பொறுத்தருள வேண்டினேம். அவர் புன்முறுவல் செய்து, "ஐயா, எங்கள் சபையில் இவ்வதிகாரம் வாசிக்கும்போதெல்லாம் பிரசங்கியார் ஆட்டுக்கடாவிடம் விரைந்து சென்றுவிடுவார். அந்த மூன்று நாள் நடையில் எங்களை நிறுத்தியவர் ஒருவரும் இலர்" என்றனர். யாமும் எம் வாசிப்பை எண்ணிப் பார்த்தேம். முப்பதாண்டாக அப்புராணம் சொல்லி வருகின்றேம். சீராளதேவர் ஓடிவரும் இடத்திற்கே எஞ்ஞான்றும் விரைந்திருக்கின்றேம். அதனை மறையாது கூறினேம்.

வரும் பரணிக்கும் வருவதாகச் சொன்னார். விடைபெறுங்கால் வாயிலில் நின்று, "தாய் பிள்ளையின் காலைப் பிடிக்கிற இடத்தை மட்டும் மெல்லச் சொல்லுங்கள், ஐயா" என்றனர்.