கோபக்கார ஹீட்டரில் குளிப்பது எப்படி?

கேமரன் மலையில் வாடகைக்கு வீடு எடுத்துக் கீழேயிருந்து குடிவருகிறவர்கள் முதல் வாரத்திலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, ஹீட்டர் சரியில்ல, தண்ணி சுடவே மாட்டேங்குது." வீட்டுக்காரர் வந்து பார்ப்பார். சிவப்பு விளக்கு எரியும், தண்ணீர் வெதுவெதுவென்று வரும். "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார். இருவர் சொல்வதும் உண்மைதான். கோலாலம்பூருக்குப் போதுமான பெட்டியை மலையில் மாட்டியிருக்கிறோம்.

கணக்கு எளிது. மலேசிய வீடுகளில் சுவரில் மாட்டும் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட் அளவில் இருக்கும். ஒரு நிமிடத்தில் அது தரக்கூடிய சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. திருகை எவ்வளவு திருகினாலும் அதற்கு மேல் வராது. கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரி. அதை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டியது 12 டிகிரிதான் என்பதால் நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேலேயே சுடச்சுடக் கிடைக்கும். கேமரன் மலையின் தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சராசரி வெப்பநிலையே 18 டிகிரிதான். 1978 பிப்ரவரி 1 அன்று இந்த மலையில் 7.8 டிகிரி பதிவானது. 18 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு இரண்டேகால் லிட்டர் சொச்சம்தான் தேறும். சூடு வேண்டுமா, நிறையத் தண்ணீர் வேண்டுமா, ஒன்றைத்தான் கேட்கலாம்.

சூட்டைக் கேளுங்கள் என்பது என் கட்சி. ஹீட்டருக்குக் கீழே இருக்கும் அடைப்புக் குழாயை மெல்ல மூடிக்கொண்டே வந்தால், தாரை மெலிந்து சூடு ஏறும் ஓர் இடம் வரும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மெல்லிய தாரையைத் தலைக்கு மேலே மாட்டி வைத்துவிட்டு அடியில் நின்றால், குளிர்காற்றில் விழுந்து வருவதற்குள் சூடு போய்விடும். பூவாளியைக் கையில் எடுங்கள். பிடரியில் ஒட்டினாற்போல் பிடித்து, தண்ணீர் முதுகோடு வழிய விடுங்கள். பிறகு தோள், பிறகு மார்பு. சுடுதண்ணீர் ஓடிய தடமும் ஓடாத இடத்துக் குளிரும் தனித்தனியாக உடம்பில் தெரியும். கீழே, தண்ணீர் தாராளமாகக் கொட்டும் குளியலறையில் இந்தச் சுகம் கிடையாது. குளியலறைக்குள் ஆவி எழுவதைப் பார்ப்பதும் இங்கேதான். அதற்குச் சன்னலைச் சாத்தி வைக்க வேண்டும்.

அடுத்து, ஹீட்டரின் பேச்சைக் கேட்கப் பழகுங்கள். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். போதுமான தண்ணீர் ஓடுகிறது, சூடாக்கலாம் என்று விசை சொல்லும் சத்தம் அது. குளிக்கும்போது திடீரென்று சூடு ஏறி, உடனே பச்சைத் தண்ணீராக மாறினால், சமையலறையில் யாரோ குழாயைத் திறந்திருக்கிறார்கள்: ஓட்டம் குறைந்ததும் சூடு கூடியது, மேலும் குறைந்ததும் விசை அணைந்துவிட்டது. சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால் எல்லோரும் திருகைக் கூட்டுவார்கள். குறைக்க வேண்டும். அளவுக்கு மேல் சூடாவதால்தான் பாதுகாப்பு விசை வெட்டி வெட்டி விடுகிறது. சோப்புப் போட நிறுத்திவிட்டு மறுபடி திறக்கும்போது, உள்ளே தங்கிய சூடெல்லாம் முதல் சில நொடியில் பாயும். அப்போது பூவாளியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

சில கோபங்களுக்கு அழுக்குதான் காரணம். இது கருங்கல் மலை, தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமில்லை. ஆனால் காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டியதில் மழைக்கு மண் கரைந்து வருகிறது. 1963இல் இந்த மலையின் ரிங்லெட்டில் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையே சேறு நிரம்பித் தவிக்கிறது. ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சின்ன வலையிலும் அதே மணல்தான் உட்காரும். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு அந்த வலையைக் கழற்றிக் கழுவுங்கள். பூவாளித் துளைகளைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். ஹீட்டர் மூடியைத் திறப்பது மட்டும் வயர்மேன் வேலை. வீட்டுக்காரர் "பம்பு வச்ச ஹீட்டர் மாட்டித் தரேன்" என்றால் யோசியுங்கள். தண்ணீர் விசையைத் தட்டும் அளவுக்குக்கூட வராத வீட்டில் அது உதவும். மற்றபடி பம்பு தண்ணீரைக் கூட்டும், சூட்டைக் கூட்டாது. குளிர்ந்த தண்ணீர் வேகமாக வரும்.

நேரமும் முக்கியம். வெயில் அடித்த நாளில் கூரைத் தொட்டித் தண்ணீர் மாலை நான்கு மணிக்குக் கொஞ்சம் இளகியிருக்கும். அப்போது தாராளமாகக் குளிக்கலாம். விடியற்காலைதான் சோதனை. தீபாவளி எண்ணெய்க் குளியல் மழைக்காலத்து விடியலில் வருவது இந்த ஹீட்டருக்குப் பெரிய அநியாயம். தலையில் தேய்த்த நல்லெண்ணெயை மெல்லிய தாரை போக்காது. தோட்டத்து லயங்களில் விறகடுப்பில் அண்டா ஏற்றிச் சுடுதண்ணீர் போட்ட பெரியவர்கள் காட்டிய வழி இன்னும் செல்லும்: முதலில் வாளியை நிரப்புங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப ஏழு நிமிடம் போல ஆகும். எண்ணெய் ஊற அந்த நேரம் எப்படியும் வேண்டும். பிறகு சீயக்காய், பிறகு குவளை குவளையாக மொண்டு ஊற்றுங்கள். அதற்கு ஈடு எந்த ஹீட்டரும் இல்லை.

ரசிக்கவே கூடாத கோபம் ஒன்று உண்டு. குழாயைத் தொடும்போது கை லேசாகச் சுர்ரென்றால், அல்லது மின்கசிவுத் தடுப்பான் அடிக்கடி விழுந்தால், அன்றோடு நிறுத்துங்கள். வயர்மேன் பார்க்கும் வரை வாளிக் குளியல்தான். ஈரத் தரைக்குப் பொருத்தும் தடுப்பான் 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்ட வேண்டியது. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஹீட்டரின் முகப்பிலோ மெயின் பெட்டியிலோ ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, குளிப்பதற்கு முன், கை காய்ந்திருக்கும்போது அதை அழுத்துங்கள். மின்சாரம் போகாவிட்டால் அந்த ஹீட்டரில் குளிக்காதீர்கள், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் சரி.