மடமும் மனையும்: எட்வர்டு கார்ப்பெண்டரின் 'ஞானி'

இலங்கைத் தமிழறிஞர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) கேம்பிரிட்ஜில் பயின்ற நாளில் எட்வர்டு கார்ப்பெண்டர் (1844–1929) என்னும் ஆங்கில எழுத்தாளரோடு நட்புப் பூண்டார். அந்நட்பின் பயனாக 1890இல் இலங்கை போந்த கார்ப்பெண்டர், இராமசாமி என்னும் தமிழ் ஞானியார்பால் சில வாரங்கள் பாடங்கேட்டார். 1892இல் வெளிவந்த அவரது 'ஆதாம் சிகரத்திலிருந்து எலிபெண்டா வரை' என்னும் பயணநூலின் உயிர்நிலை இப்பகுதியே.

இந்நூலைத் தமிழரின் ஞானச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுதல் எளிது. ஆயின், அவ்வாறு காட்டுங்கால் ஆசிரியர் வாழ்வின் ஒரு பகுதியை மறைத்தல் ஆய்வறம் ஆகாது. கார்ப்பெண்டர் ஆடவரைக் காதலித்த ஆடவர். அத்தகையோரைத் தண்டிக்கும் சட்டம் 1885இல் இங்கிலாந்தில் கடுமையாக்கப்பட்டது. 1895இல் ஆஸ்கார் வைல்டு சிறை புகுந்தார். அச்சூழலிலும் கார்ப்பெண்டர், தாம் 1883இல் மில்தார்ப் என்னும் சிற்றூரில் அமைத்த மனையில், 1898 முதல் ஜார்ஜ் மெரில் என்னும் தொழிலாளரோடு வெளிப்படையாகவே வாழ்ந்தார்.

இதனை உளங்கொண்டு படிப்போர்க்கு நூலின் ஓரிடம் புதுப்பொருள் தரும். எண்ணம் அடங்கியவழிப் பேருணர்வு தோன்றும் என்னும் ஞானியாரின் கொள்கையைக் கார்ப்பெண்டர் உடன்படுகிறார். எனினும், கீழைநாட்டு நெறி மனவுறுதியின் பக்கமும் மேலைநாட்டு நெறி அன்பின் பக்கமும் மிகச் சாய்ந்துவிட்டன என்பது அவர் கருத்து. இது போகிறபோக்கில் கூறியதன்று. அன்பைத் துறவாது ஞானம் எய்த இயலுமா என்னும் அவர்தம் வாழ்க்கை வினாவே இவ்வாறு வெளிப்படுகிறது எனலாம்.

இம்மதிப்பீடு முற்றும் பொருந்துமா? பொருந்தாது. ஓர் ஆசிரியரிடம் கேட்டதைக் கொண்டு கீழைநாடு முழுவதையும் அளத்தல் குறையே. அன்பால் உருகும் திருவாசகம் தமிழில் உண்டு; அதன் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருள் அருணாசலமும் ஒருவர். ஆனால் அவ்வன்பு இறைவன்பாற் செல்வது. கார்ப்பெண்டர் வேண்டியதோ மாந்தர்பாற் செல்லும் அன்பு. ஆதலின், அவர் விடையில் பிழை காணினும் அவர் வினா அழிவதில்லை.

அவ்வினாவிற்கு அவர் அளித்த விடை நூலன்று, மில்தார்ப். மடம் உறவைத் துறந்தார்க்கு உரியது. மில்தார்ப் உறவோடு வந்தாரை ஏற்ற மனை. 1913இல் அங்குச் சென்ற ஈ. எம். பார்ஸ்டர் ஆண்களின் காதலைப் பாடுபொருளாக்கி 'மாரிஸ்' என்னும் புதினம் எழுதினார். அது அவர் மறைந்தபின் 1971இலேதான் அச்சேறியது. 1980களில் பிரிட்டனில் ஒருபால் ஈர்ப்புடைய ஆடவர் சிலர், நாட்டுப்புறத்தே கூடித் தங்கி உள்ளத்தைப் பேணும் சமூகம் ஒன்றைக் கார்ப்பெண்டர் பெயராலேயே தோற்றுவித்தனர்.

அதனைத் தமிழ்ஞானத்தின் கொடை என உரிமை பாராட்டுதல் மிகை. நமக்கு அதனோடு தொடர்பே இல்லை எனல் பொய். ஞானியாரிடம் அடக்கத்தைக் கற்றவர், அன்பை அடக்க மறுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதலே அந்நூற்கு நாம் செய்யும் நேர்மை.