திவ்யாவின் மறுப்பு

மணிரத்னத்தின் 'மௌனராகம்' 1986 இல் வெளிவந்தது. கோப்பை கழுவி, கடை பூட்டி, அறைக்கு வந்து நாங்கள் நால்வர் அதைத் திரும்பவும் பார்த்தோம்.

ரேவதி நடித்த திவ்யா, தகப்பனின் நெஞ்சுவலிக்காகத்தான் கழுத்தை நீட்டுகிறாள். கணவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருக்கிறதென்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். என்ன பரிசு வேண்டும் என்றவனிடம் விவாகரத்துக் கேட்கிறாள். தமிழ்க் கதாநாயகியின் வாயில் இப்படியொரு மறுப்பு அபூர்வம்.

ஆனால் படம் அந்த மறுப்புக்கு ஒரு காரணம் தேடுகிறது: பொலிஸ் குண்டுக்குப் பலியான பழைய காதலன். காதலன் இல்லாத பெண் வெறுமனே 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லக் கூடாதா? கணவனோ நல்லவன், பொறுமைசாலி. (மோகனைத் தவிர வேறு யாரைப் போடுவது!) கடைசியில் அந்த நல்ல குணத்திடமே அவளுடைய மறுப்புத் தோற்றுப்போகிறது. கொடுமைக்காரனை விட்டுத்தான் பெண் விலகலாம் என்ற பழைய கணக்கை இந்தப் படமும் தாண்டவில்லை. பெண்ணிலைவாதம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

எங்களில் ஒருவன் "திமிர் பிடிச்சவள்" என்றான். நாங்கள் சிரித்தோம். அடுத்த மாதம் அவனுக்கு ஊரிலிருந்து பொம்பிளை வருகிறாள். போனில் படம் பார்த்ததோடு சரி. அவளுக்கு விருப்பமா என்று யாராவது கேட்டார்களா என நாங்கள் அவனிடம் கேட்கவில்லை.