வன்முறைச் செய்தியில் வினைமுதல்: ஆனேக்கல் எல்லையை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

குற்றத்திற்கும் வன்முறைக்கும் உரிய சமூகக் காரணங்களைச் சமூகவியலார் ஆராய்வர். அக்காரணங்களைச் செய்தி மொழி எங்ஙனம் காட்டுகிறது, எங்ஙனம் மறைக்கிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆராயத் தக்கது. காவிரிச் சிக்கலையொட்டிக் கர்நாடகத்தில் 1991, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த வன்முறையைக் குறிக்க வழங்கும் சொற்களையும் தொடரமைப்புகளையும் இக்கட்டுரை திறனாய்கிறது.

தொல்காப்பியர் தொழிலுக்கு முதல்நிலைகளாக எட்டினைக் கூறுவார். அவை வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இதுபயன் என்பன. இறுதி இரண்டும் ஒரு செயல் யாருக்காக, என்ன பயன் கருதி நிகழ்ந்தது என்னும் வினாக்களுக்கு இடமளிப்பவை. இவ்வெட்டுமே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

2. களம்

ஆனேக்கல் வட்டம் பெங்களூர் நகர மாவட்டத்தின் தெற்கில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகிய நான்கும் இங்கு வழங்குகின்றன. பொம்மசந்திரா, ஜிகினி தொழிற்பேட்டைகளுக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் தொழிலாளர் வந்து செல்கின்றனர். எல்லையூரைத் தமிழர் 'அத்திப்பள்ளி' என்பர். கன்னடர் 'அத்திபெலெ' என்பர். பெங்களூரிலும் ஆனேக்கலிலும் நடைபெறும் கரக விழாவிற்கு உரிய திகளர் சமூகத்தின் பெயர், பழங்கன்னட வழக்கில் தமிழரைக் குறித்த சொல்லாகும். இன்று அச்சமூகம் கர்நாடகத்தின் மண்ணின் மக்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. மொழிகள் அருகருகே வழங்குவதே வன்முறைக்குக் காரணமாயின், இவ்வட்டத்தில் அன்றாட வாழ்க்கையே நடைபெற்றிருக்க இயலாது.

3. 'மொழிக்கலவரம்' என்னும் பெயர்

காவிரி நடுவர் மன்றம் 1991 சூன் 25 அன்று இடைக்கால ஆணை வழங்கியது. அதனை ஏற்க மறுத்துக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அச்சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. டிசம்பரில் ஆணை நடுவணரசின் அரசிதழில் வெளிவந்தது. அடுத்து வந்த நாட்களில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் கும்பல்கள் தமிழரின் குடிசைகளையும் கடைகளையும் தாக்கின. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்கு வெளியேறினர்.

இந்நிகழ்ச்சியை 'மொழிக்கலவரம்' என்றல் பொருந்துமா? சிக்கல் ஆற்றுநீர் பற்றியது. தாக்குண்டோருள் பெரும்பாலோர் நகரக் கூலித் தொழிலாளர். காவிரி நீரில் அவர்களுக்குப் பாசன உரிமை எதுவுமில்லை. வேலைவாய்ப்பு பற்றிய மனக்குறை நகரில் முன்பே வேரூன்றியிருந்தது. கன்னடருக்கு வேலைகளில் உரிய பங்கு வேண்டும் எனப் பரிந்துரைத்த சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை 1986ஆம் ஆண்டிற்குரியது. நீர், வேலை, குடியிருப்பு, அரசியல் ஆகியவற்றை விடுத்து 'மொழி' என்னும் அடையை முன்னிறுத்தும்போது, தாக்கியவரை அடையாளப்படுத்த உதவாத அச்சொல், தாக்குண்டவரின் தாய்மொழியையே காரணமாக்கிவிடுகிறது.

1994 அக்டோபரில் பெங்களூர்த் தொலைக்காட்சி உருதுச் செய்தி தொடங்கியதை எதிர்த்து நிகழ்ந்த வன்முறைக்கும் இப்பெயரே பொருத்தப்பட்டது. அதில் இலக்கானோர் முசுலிம்கள். சமயப் பகையும் அப்பெயருக்குள் மறைந்தது.

'கலவரம்' என்னும் சொல்லும் ஆராயத் தக்கது. 'கலவரப்பட்டான்' என்புழி அது மனக்கலக்கத்தைக் குறிக்கும். தாக்கியோரும் தாக்குண்டோரும் ஒருங்கே கலங்கினர் என்னும் பொருட்சாயல் இதனால் நேர்கிறது.

4. தொடரமைப்பு

பின்வரும் மூன்று தொடர்களை ஒப்பிடலாம்.

(அ) பேருந்து எரிந்தது.
(ஆ) பேருந்து எரிக்கப்பட்டது.
(இ) பேருந்தை எரித்தனர்.

முதல் தொடரில் செயல் இயற்கை நிகழ்ச்சியாகிறது. 'வன்முறை வெடித்தது', 'கலவரம் மூண்டது' என்பனவும் இவ்வகையின. இரண்டாவதில் செய்தவர் உண்டு என்பது பெறப்படினும், வினைமுற்றின் விகுதி பேருந்தையே சுட்டுகிறது. மூன்றாவதில் எழுவாய் வெளிப்படவில்லை. எனினும் பலர்பால் விகுதி, செய்தோர் மாந்தர் என்பதைக் காத்து நிற்கிறது.

கன்னடத்திலும் 'பஸ்ஸிகெ பெங்கி ஹச்சலாயிது', 'பஸ்ஸிகெ பெங்கி ஹச்சிதரு' என்னும் இருவகை உண்டு. முன்னது செய்தோரை விடுத்தது. பின்னது பலர்பால் விகுதி உடையது. இரண்டையும் 'பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டது' எனத் தமிழில் ஒன்றாக்குவது பொருளிழப்பாகும்.

2016 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் நொடிக்கு 12,000 கன அடி நீர் திறக்குமாறு ஆணையிட்டது. அன்று பெங்களூரில் கும்பல்கள் நாற்பதுக்கு மேற்பட்ட பேருந்துகளை எரித்தன. அவை இலக்கைத் தெரிந்தது பேச்சைக் கேட்டன்று. வண்டிகளின் தமிழகப் பதிவெண்ணைக் கண்டே. அத்திப்பள்ளி எல்லையில் பேருந்துகள் நின்றதால் பயணிகள் சுமைகளுடன் நடந்தே எல்லை கடந்தனர்.

5. 'சமூக விரோதிகள்'

வினைமுதலைக் கூறியே தீரவேண்டிய இடங்களில் தமிழ்ச் செய்தியாளர் 'சமூக விரோதிகள்', 'விஷமிகள்' என்பர். கன்னடத்தார் 'துஷ்கர்மிகளு', 'கிடிகேடிகளு' என்பர். இச்சொற்கள் செய்தவரைச் சமூகத்திற்குப் புறத்தே நிறுத்துகின்றன. புறத்தே நிறுத்தப்பட்டவனின் செயலுக்குச் சமூகக் காரணம் தேடும் வழி அடைபடுகிறது. அவன் யாருடைய அழைப்பின்பேரில் திரண்டான், அதனால் பயன் அடைந்தவர் எவர் என்னும் வினாக்களும் எழுவதில்லை.

விளைவுகளும் இவ்வாறே விடுபடுகின்றன. வன்முறையின் விளைவு உயிர், உடைமை இழப்புடன் முடிவதன்று. பெங்களூர் அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991 முதல் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டு 9 அன்றே திறக்கப்பெற்றது. நான்கு நாட்களுக்குப் பின் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. பதினெட்டு ஆண்டு மூடியிருந்த சிலையும் அவ்வன்முறையின் பயனேயாகும்.

6. மறுப்பும் விடையும்

பதற்ற காலத்தில் சமூகப் பெயர்களைக் கூறாமை இதழியல் அறம் என்பர். குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையில் ஒருவரைச் சுட்டலாகாது என்பதும் தக்கதே. ஆயின் 'கன்னடர்', 'தமிழர்' என ஓர் இனம் முழுவதையும் எழுவாயாக்குவதற்கும், எழுவாயையே நீக்குவதற்கும் இடையே வழி உண்டு. செய்தோரைச் செயலாலும், உறுதிப்பட்டவிடத்து எண்ணிக்கையாலும் அமைப்பாலும் குறிக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் மூலத்திலுள்ள பலர்பால் விகுதியைக் காத்தல் வேண்டும். மூலத்தில் இல்லாத 'மொழி' என்னும் அடையைத் தாமே சேர்த்தலாகாது. அகராதித் தொகுப்பாளர் 'மொழிக்கலவரம்' என்பதற்குப் பொருள் எழுதுங்கால், அது செய்தி வழக்கு என்பதையும் காரணத்தை வரையறுக்காதது என்பதையும் குறித்தல் நலம். வன்முறையின் காரணங்களை நீக்குதல் அரசுக்கும் சமூகத்திற்கும் உரிய கடமை. அக்காரணங்கள் சொற்களுக்குள் மறையாமல் காத்தல் மொழித்துறையினரின் பங்காகும்.