ஜெக்கில்: டிராயிங்குகளுக்கு அடையாளம் தரும் வசதியும் அதன் எல்லையும்

ஹூண்டாய், ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என வாகன ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் வெண்டர் நிறுவனம் ஒன்று, தன் டிராயிங்குகளை எந்த மேசையிலிருந்தும் பார்க்கும்படி இணையப் பக்கங்களாக அடுக்க விரும்பினால், தரவுத்தளம் தேவைப்படாத ஜெக்கில் அதற்குப் பொருத்தமான கருவியாகும். டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008இல் வெளியிட்ட இது, எழுத்துக் கோப்புகளை முன்கூட்டியே இணையப் பக்கங்களாக மாற்றி வைக்கும் நிலைத்தள உருவாக்கி.

ஒரு பக்கத்தின் தலைப்பு, தேதி முதலிய விவரங்கள், அதாவது மீத்தரவு, அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்படுகின்றன. பிடிஎஃப், படம் போன்ற நிலைக்கோப்புகளை ஜெக்கில் செயலாக்காமல் அப்படியே நகலெடுப்பதால், அவற்றில் அவ்வாறு எழுத வழியில்லை. அதற்கு ஈடாக, கான்ஃபிக் கோப்பின் ‘டிஃபால்ட்ஸ்’ பகுதியில் ஒரு கோப்புறையின் பாதையையும் அதற்குரிய மதிப்புகளையும் குறித்துவிட்டால், அக்கோப்புறையின் கோப்புகள் அனைத்தும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. உட்கோப்புறைக்கு வேறு மதிப்பு தரப்பட்டிருந்தால் அதுவே செல்லும். பிரேக் பாகங்களின் டிராயிங்குகள் ஒரே கோப்புறையில் இருந்தால், வாடிக்கையாளர் பெயரையும் பாக வகையையும் ஒருமுறை எழுதினால் போதும் என்பது உண்மையிலேயே அழகான ஏற்பாடு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.5.2 பிரிவு, ஆவணத்துக்குத் தலைப்பு, தேதி, ஆசிரியர், குறிப்பெண் போன்ற அடையாளங்களை வலியுறுத்துகிறது. இவை கோப்புக்குக் கோப்பு மாறுபவை. நிலைக்கோப்புக்குத் தேதியாக ஜெக்கில் தானே தருவது, வட்டில் அது கடைசியாக மாறிய நேரத்தை மட்டுமே. கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருள் அந்த நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை என்பதால், அதன் களஞ்சியத்தைப் புதிய கணினியில் இறக்கியதும், பல ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் பெற்ற டிராயிங்கும் இன்றைய தேதியைக் காட்டும். தர ஆவணத்தில் இது பொறுக்கத்தக்க பிழையன்று.

டிராயிங் எண், ரிவிஷன், ஒப்புதல் தேதி ஆகியவற்றை எக்செல்லில் நிரப்பி, சிஎஸ்வி கோப்பாகத் தரவுக் கோப்புறையில் வைத்து, கோப்பின் பாதையைக் கொண்டு வார்ப்புருவில் இணைப்பதே நம்பத்தக்க வழி. பக்கத்தோடு சேர்ந்த ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே பெயரும் விவரமும் எழுத இடம் தரும் ஹியூகோ என்ற மற்றொரு நிலைத்தள உருவாக்கி இவ்வகையில் ஒரு படி மேலானது; ஆயினும் எக்செல் பழகிய ஆலை அலுவலகத்துக்கு ஜெக்கில் தாராளமாகப் போதும். ஏற்கெனவே அதைப் பயன்படுத்துவோர், கோப்பு மாறிய நேரத்தை ரிவிஷன் தேதியாகக் காட்டும் வரி வார்ப்புருவில் இருக்குமானால், அடுத்த ஆடிட்டுக்கு முன் அதை நீக்கிவிட வேண்டும்.