உட்படுதலும் உடன்படுதலும்: ‘டல்லஸ் பையர்ஸ் கிளப்’ திரைப்படத்தில் மருந்துச் சோதனை

எச்.ஐ.வி. தொற்றுடையோர் புதிய மருந்துகளின் சோதனையில் பங்கேற்ற வரலாற்றைப் பரவலாக அறியச் செய்த படைப்புகளுள், ஷான் மார்க் வல்லே இயக்கி 2013-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டல்லஸ் பையர்ஸ் கிளப்’ என்னும் அமெரிக்கத் திரைப்படமும் ஒன்று. 1985-இல் நோய் கண்டறியப்பட்ட ரான் உட்ரூஃப் என்பவரின் வாழ்க்கையைத் தழுவியது இது. இதன் நடிப்புச் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். சோதனையில் பங்கேற்றோரை இப்படம் எங்ஙனம் காட்டுகிறது என்பதையே நாம் இங்கு நோக்குகிறோம்.

படத்தில் ஏ.இசட்.டி. மருந்து நஞ்சாகவும், அதனைச் சோதிக்கும் மருத்துவமனை இரக்கமற்ற இடமாகவும் அமைகின்றன. நாயகர் சோதனைக்கு வெளியே நின்று, அயல்நாடுகளிலிருந்து மருந்து கொணர்ந்து தம்மையும் பிறரையும் காக்க முயல்கிறார். சோதனையில் சேர்ந்தோரோ ஏமாந்தவராகவே தோன்றுகின்றனர்.

வரலாறு இதனினும் சிக்கலானது. 1986-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஏ.இசட்.டி. சோதனையில் 282 நோயாளிகள் பங்கேற்றனர். 145 பேர் மருந்தையும் 137 பேர் மருந்தற்ற வெற்றுக் குளிகையையும் பெற்றனர். யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். மருந்து பெற்றோருள் ஒருவரும், வெற்றுக் குளிகை பெற்றோருள் 19 பேரும் இறந்திருந்த நிலையில், அவ்வாண்டு செப்டம்பரில் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. 1987 மார்ச்சில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அன்று கொடுக்கப்பட்ட அளவு மிகுதி. இரத்தசோகை முதலிய பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. நோய்க்குறி தோன்றுமுன்னரே இம்மருந்தை மட்டும் தொடங்குவதால் நீடித்த பயனில்லை என்பதை 1993-இல் கன்கார்ட் ஆய்வு காட்டியது. எனவே, படத்தின் சினத்திற்கு அடிப்படை உண்டு. எனினும், குறைந்த அளவில் பிற மருந்துகளோடு இணைந்து இதே மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதைப் படத்தின் இறுதியில் தோன்றும் எழுத்துரை மட்டுமே ஒப்புக்கொள்கிறது.

உண்மையில் பங்கேற்றோர் வாய்மூடி இருந்தவரல்லர். சிலர் தம் குளிகைகளை வேதியியல் ஆய்வுக்குக் கொடுத்து உண்மையறிய முயன்றனர். சிலர் மருந்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டனர். பகிர்ந்தால் நண்பர் பிழைக்கக்கூடும்; ஆனால், பின்வருவோர் நம்பவேண்டிய முடிவு பழுதுபடும். ரேயான் என்னும் கற்பனைப் பாத்திரத்தின் வழி இப்பகிர்வைச் சுட்டும் படம், அதன் அறச்சிக்கலுக்குள் நுழையாமல் கடந்துவிடுகிறது. இதுவே இப்படத்தின் பெருங்குறை என்பது நம் கருத்து.

டேவிட் ஃபிரான்ஸ் இயக்கிய ‘ஹௌ டு சர்வைவ் எ பிளேக்’ என்னும் 2012-ஆம் ஆண்டு ஆவணப்படம் இக்குறையை நிறைவு செய்கிறது. நோயாளிகள் ஆய்வு முறைகளைத் தாமே கற்று, சோதனைகளை ஒழிக்காது திருத்தப் போராடியதை அது காட்டுகிறது. அத்தகைய போராட்டங்களின் பயனாக, 1989-இல் டி.டி.ஐ. என்னும் மருந்து சோதனையில் இருந்தபோதே, அதில் சேர இயலாதோர்க்கும் வழங்கப்பட்டது.

தமிழாசிரியர்க்கும் இதில் எண்ணத்தக்கது உண்டு. ‘சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்’ என்றே நாம் எழுதிப் பழகியுள்ளோம். இச்செயப்பாட்டு வினையில் நோயாளியின் விருப்பத்திற்கு இடமில்லை. ‘உடன்பட்டவர்’ என்னும்போதோ அறிதலும் இசைதலும், வேண்டின் மறுத்தலும் அவர்க்கு உரியனவாகின்றன. தம்மைப் பலியானோர் என அழைத்தலை எய்ட்ஸ் நோயுற்றோர் 1983-இல் டென்வர் நகரில் வெளியிட்ட அறிக்கையிலேயே மறுத்தனர். இப்படத்தை வகுப்பில் விவாதிக்கும் ஆசிரியர், இவ்விரு சொற்களையும் மாணவர் முன் வைத்து, வெற்றுக் குளிகை பெற்ற அந்த 137 பேருக்கு எது பொருந்தும் என வினவுதல் தகும்.