தாட்சண்யத்தில் போட்ட பாலிசி

என் கைப்பேசியில் 'எடுக்காதே 1' தொடங்கி 'எடுக்காதே 9' வரை ஒன்பது எண்கள் இருக்கின்றன. கடன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று கூப்பிட்டவர்கள். பத்தாவது எண் வந்தபோது சேமித்துவைப்பதே வீண்வேலை என்று விட்டுவிட்டேன். அதே கைப்பேசியில் 'எல்.ஐ.சி. மாமா' என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அவர் எனக்கு எந்த வழியிலும் மாமா இல்லை. டி.வி.எஸ். 50-இல் எங்கள் தெருவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஏஜென்ட், அவ்வளவுதான். அவரும் விற்க வந்தவர்தான், இந்த ஒன்பது பேரும் விற்க வந்தவர்கள்தான்.

வாங்கக்கூடிய ஒருவரின் விவரம், அவர்கள் மொழியில் 'லீட்', கையில் கிடைத்தால் போன் போடுவதா, நேரில் போய்க் கதவைத் தட்டுவதா என்ற வாதம் காப்பீட்டு ஏஜென்ட்டுகளிடையே ஓய்ந்தபாடில்லை. போன்காரர்களின் கணக்கு எளிது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் சில டஜன் பேரிடம் பேசிவிடலாம். வண்டியை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து கேளம்பாக்கம் போகிறவருக்கு ஒரு சாயங்காலத்தில் மூன்று வீடு தேறினால் அதிகம். அதில் ஒரு வீடு பூட்டியிருக்கும். இன்னொன்றில் "அவர் இன்னும் வரலையே" என்று கிரில் கேட்டுக்கு உள்ளிருந்தே பதில் வரும். நேரில் போகிறவர்களின் கணக்கு வேறு. நூறு பேரிடம் பேசி ஒருவரைப் பிடிப்பதைவிட மூன்று பேரைப் பார்த்து ஒருவரைப் பிடிக்கலாமே என்பார்கள். இரண்டு தரப்பும் விற்பவரின் பேரேட்டை மட்டும் விரித்துவைத்துக்கொண்டு பேசுகின்றன. 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது அந்தப் பேரேட்டில் ஏறுவதில்லை. எனக்கு முதலில் பார்க்கத் தோன்றுவது அதைத்தான்.

போனில் அந்தச் செலவு கேட்பவருடையது. சாம்பாரில் வைத்த கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து எடுத்தவர் அவர். கூப்பிட்டவருக்கு அடுத்த எண் தயாராக இருக்கிறது. மறுப்பு இலவசமாகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தேர்ந்தெடுக்கும் அவசியமே இல்லாமல் போகிறது. எண்பது வயதுப் பாட்டியிடம் டேர்ம் பாலிசி பேசுவதும், போன வாரம் மறுத்தவரையே இந்த வாரம் புதிதாக விசாரிப்பதும் இதனால்தான். கூப்பிடும் பெண் பண்பில்லாதவள் என்பதால் அல்ல. அவள் முன்னால் இருக்கும் பட்டியலும் மாத டார்கெட்டும் அப்படி. நாம் எரிந்து விழுவதெல்லாம் அவள்மேல்தான் விழுகிறது, பட்டியலை வாங்கியவர் காதுக்கு எட்டுவதில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-இல் விதி போட ஆரம்பித்தது. 2010-இல் அதை மாற்றியது, 2018-இல் மறுபடியும் மாற்றியது. 1909-க்குச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளும் வசதி வந்தது. இரவு 9 மணி முதல் காலை 9 மணிவரை விளம்பர அழைப்பு கூடாது என்றார்கள். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள். உடனே 140-ஐப் பார்த்தால் யாரும் எடுப்பதில்லை என்றாகிவிட்டது. ஆகவே சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடும் தந்திரம் வந்தது. கதவைத் தட்டுகிறவர்களுக்கு இப்படி ஒரு தேசியப் பதிவேடு யாரும் கொண்டுவரவில்லை. தேவைப்படவில்லை. பெட்ரோல் விலையும் பங்குனி வெயிலும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

கதவின் பெருமையை இங்கே சொல்லியாக வேண்டும். 1956 செப்டம்பர் 1 அன்று 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., உருவானது. 2000-இல் தனியாருக்கு மறுபடி வழி திறக்கும்வரை, சாவைப் பற்றிப் பேசவே கூசும் வீடுகளுக்குள் ஆயுள் காப்பீட்டைக் கொண்டுபோனவை ஏஜென்ட்டுகளின் கால்கள்தான். பள்ளிக்கூட ஆசிரியர் அறை, மில் கேட், கல்யாணப் பந்தி என்று அவர்கள் போகாத இடமில்லை. நல்ல ஏஜென்ட் ராகு காலத்தில் செக் வாங்கமாட்டார், அஷ்டமி நவமியில் கையெழுத்துக் கேட்கமாட்டார். முக்கியமாக, 'நீங்கள் இறந்தால்' என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "நமக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை, இருந்தாலும்..." என்று இழுத்து, பேச்சை அங்கேயே நிறுத்தி, குழந்தையைப் பார்ப்பார். மீதியை வீட்டுக்காரர் தாமே நினைத்துக்கொள்வார். இந்த இடைவெளியைப் போனில் விட முடியாது. அங்கே மௌனம் என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

இதை வெறும் நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நீண்ட கால எண்டோவ்மென்ட் பாலிசிகளில் வெகுகாலம் நடப்பில் இருந்த கமிஷன் முறை முதலாண்டில் 25 சதவீதம், அடுத்த இரண்டாண்டுகளில் 7.5, பிறகு பாலிசி முடியும்வரை 5 என்பது. முதலாண்டில் போனஸ் கமிஷனும் சேரும். ஆக, பெரிய தொகை முதலிலேயே வந்துவிடும், ஆனால் சிறிய தொகை இருபது வருஷம் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டுக்காக அவர் அதே தெருவில் நடந்தாக வேண்டும். பொய் சொல்லி விற்றுவிட்டு அதே பால் பூத்தில் காலையில் முகம் காட்ட முடியாது. அஞ்சலகத்தில் 1972 முதல் இருக்கும் மகிளா பிரதான் திட்டத்தின் முகவர்களும் இப்படித்தான். பெண்கள் மட்டுமே இருக்கும் வேலை அது. மாதாமாதம் வீட்டுக்கு வந்து ஆர்.டி. பணத்தை வாங்கிக்கொண்டு, அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த அக்காவுக்குக் கமிஷன் 4 சதவீதம். மாதாமாதம் வரவேண்டியிருப்பதுதான் அவர் நாணயத்துக்கு ஜாமீன்.

இவ்வளவு சொன்னபிறகு கதவின் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும். நானும் பல வருஷம் சாய்ந்துதான் இருந்தேன். என்னிடமிருந்த மூன்று பாலிசிகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றையும் ஏன் போட்டேன் என்று ஒருநாள் கேட்டுக்கொள்ளும்வரை. ஒன்று, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மார்ச் கடைசி வாரத்தில் வந்து 'ஒரு பாலிசி குறையுதுடா' என்றதற்காக. இன்னொன்று, கூட வேலைபார்த்தவரின் மனைவி ஏஜென்ஸி எடுத்திருந்ததற்காக. மூன்றாவதைத்தான் தேவை என்று நினைத்துப் போட்டேன். முதல் இரண்டுக்கும் காரணத்தைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தாட்சண்யம்.

வாசல்படி ஏறி வந்து, நாம் கொடுத்த தண்ணீரைக் குடித்து, பையனின் படிப்பை விசாரித்த மனிதரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்போம். அது மறுப்பு என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவார், அதற்கு அடுத்த ஞாயிறும் வருவார். நான்காவது முறை கையெழுத்துப் போட்டுவிடுவோம். போனில் மறுப்பின் செலவைக் கேட்பவர் சில நொடி எரிச்சலில் கட்டி முடிக்கிறார். வாசலில் அதே செலவு உறவுக்கணக்கில் ஏறி, பிரீமியமாகப் பல ஆண்டு வசூலாகிறது. எது பெரிய தொல்லை என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு. "முதல் தவணையை நானே கட்டிடறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பது. கமிஷனில் பங்கு கொடுப்பதை 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவே தடுக்கிறது. ஆனாலும் நடக்கிறது. இரண்டாம் தவணை வரும்போது பாலிசி லேப்ஸ் ஆகிறது. ஏஜென்ட்டின் டார்கெட் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

விற்பனையை எண்ணிக்கையால் அளக்காமல், வாங்கியவருக்கு மறுக்க வழியிருந்ததா என்பதை வைத்து அளக்கவேண்டும் என்பது என் கட்சி. காப்பீட்டுத் துறையிடம் அதற்கு ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது. விற்ற பாலிசிகளில் எத்தனை 13-ஆம் மாதத்திலும் உயிரோடு இருக்கின்றன, எத்தனை 61-ஆம் மாதத்திலும் இருக்கின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் போனில் விற்றதும் வாசலில் விற்றதும் ஒரே மாதிரிதான் தெரியும். மறுக்க வழியிருந்தும் சம்மதித்தவர் யார், மறுக்க முடியாமல் சம்மதித்தவர் யார் என்பது 13-ஆம் மாதத்திலிருந்து தெரிய ஆரம்பிக்கும். மாட்டிக்கொண்டவருக்கு இப்போது கொஞ்சம் மூச்சுவிட இடமிருக்கிறது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 2024 அக்டோபர் முதல், ஓராண்டு பிரீமியம் கட்டி நிறுத்தினாலும் ஓரளவு சரண்டர் தொகை உண்டு. முன்பெல்லாம் அது முழுக்கப் போனதுதான். ஆனால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கவும் அதே மாமாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

போனுக்கு இருக்கும் ஒரு பலத்தை நேரில் போகிறவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நிறுவனத்தின் போனில் பேசியது பதிவாகும். வாசலில் சொன்ன "அஞ்சு வருஷத்துல டபுள் சார்" காற்றோடு போய்விடும். விண்ணப்பப் படிவத்திலும் இதே கதைதான். ஏஜென்ட்டே நிரப்புகிறார், நாம் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். சுகர் இருக்கிறதா, பிரஷர் மாத்திரை உண்டா என்ற கேள்விகளை மாமியார் முன்னால் வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சம், 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறார். முதல் மூன்று ஆண்டுக்குள் ஏதாவது நேர்ந்தால் அந்த டிக்கைக் காட்டித்தான் கிளெய்மை மறுப்பார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி மூன்று ஆண்டு கடந்துவிட்டால் அப்படி மறுக்க முடியாது, ஆனால் சாவு மூன்று ஆண்டு காத்திருப்பதில்லையே.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பாலிசி வழங்கும் முன் வாடிக்கையாளரைப் போனில் அழைத்து, படிவத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்யும் வழக்கத்தைப் பல நிறுவனங்கள் கொண்டுவந்தன. நல்ல ஏற்பாடு. அதை எப்படிக் கவிழ்த்தார்கள் தெரியுமா? "நாளைக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு கால் வரும் சார், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க." நாமும் சொல்கிறோம். வாசலில் கிடைத்த நம்பிக்கையை வைத்துப் போனின் ஒரே காவலையும் தூங்கவைத்துவிடுகிறார்கள்.

பழைய ஏஜென்ட்டுகள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: போனில் பாலிசியைப் பற்றிப் பேசாதே, பார்க்க நேரம் மட்டும் கேள். நேரில் பார்த்து மடக்குவதற்கான உத்தியாக அதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தாலும் அது சரியாகவே படுகிறது. தாட்சண்யம் தொடங்குவதற்கு முன்பே, முகம் பார்க்காமல், 'வேண்டாங்க' என்று சொல்லிவிட ஒரு வாய்ப்பு கிடைக்கிறதே. ஆனால் அந்த ஒரு மறுப்போடு நிறுத்திக்கொண்டால்தான் அது வாய்ப்பு.

இப்போது கதவே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களில் செக்யூரிட்டியைத் தாண்டி மேலே போக வீட்டுக்காரர் செயலியில் சம்மதம் அழுத்தவேண்டும். 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் மெத்தைமேல் வாக்குவம் கிளீனரை ஓட்டி, தூசியை எடுத்துக் காட்டி விற்ற காலம் போய்விட்டது. அவர்களுக்காவது காட்ட ஒரு பொருள் இருந்தது. காப்பீட்டில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை, பேச்சு மட்டும்தான். தனியாகப் பெண்கள் இருக்கும் வீட்டில் முன்பின் தெரியாதவரை உட்காரவைப்பதும், முன்பின் தெரியாத வீட்டுக்குள் பெண் ஏஜென்ட் போவதும் இரண்டு பக்கமும் தயக்கம்தான். இதற்கெல்லாம் போன் வசதி. அந்தப் போனிலேயே 'உங்க பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு' என்று ஏமாற்றுகிறவர்களும் கூப்பிடுவதால், நாங்கள் யாரையும் அழைத்து பாலிசி விற்பதோ போனஸ் அறிவிப்பதோ இல்லை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே விளம்பரம் கொடுக்க வேண்டியிருந்தது.

விற்ற ஏஜென்ட் வேலையை விட்டுப் போய்விட்டால் அவர் போட்ட பாலிசிக்குத் துறையில் 'அனாதை பாலிசி' என்று பெயர். பிரீமியம் கட்டுவதில் சிக்கல் ஒன்றுமில்லை, ஆன்லைனில் கட்டிவிடலாம். கிளெய்ம் வரும்போதுதான் பெயரின் பொருள் விளங்கும். போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் முடிந்ததும் அவர் மனைவி பீரோவிலிருந்து இரண்டு பாலிசி பத்திரங்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்று போனில் வாங்கியது. விற்றவர் எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. டோல் ஃப்ரீ எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இருபது நிமிஷம் போனது. இன்னொன்று நம் எல்.ஐ.சி. மாமா போட்டது. அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான். கறுப்புக் கண்ணாடியோடு மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார். படிவத்தைத் தன் கையால் நிரப்ப முடியாததால் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதி முடித்ததும், "உங்க மூணாவது பாலிசி மெச்சூரிட்டி அடுத்த தை தானே?" என்று என்னைக் கேட்டார்.